வயதைக் கேட்பது அவமதிப்பா?

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் பாதை, மேற்கே பெருங்கடலையும் கிழக்கே புத்தளம் களப்பையும் அணைத்தவண்ணம் வடக்கே நீண்டு கிடக்கின்றது. அப்பாதையில், நுரைச்சோலையின் அயலிலே, தென்னந்தோப்பும் வெங்காயப் பாத்தியும் வெண்மணல் வெளியுமாகக் காட்சி தருவது ஆலங்குடா. கடற்றொழிலையும் தோட்டச் செய்கையையும் நம்பி வாழ்ந்த இவ்வூர், 1990ஆம் ஆண்டில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்குப் புகலிடம் தந்த ஊர்களுள் ஒன்றாகும். போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னரோ வேறொரு வகையினர் இக்கரையை நாடி வரலாயினர். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கூட்டங்கூட்டமாய்த் துள்ளிவரும் டொல்பின்களைக் காண்பதற்கும், காற்று வீசும் காலத்தில் பட்டத்தின் இழுவையிலே பலகையேறி அலைமேற் சறுக்கி விளையாடுவதற்கும் பல நாட்டு உல்லாசப் பிரயாணிகள் இங்கே வருகின்றனர்.

விருந்தினர் வந்தால் விடுதிகள் எழும். விடுதிகள் எழுந்தால் அவற்றுட் சிலவற்றில் மதுச்சாலையும் இடம்பெறும். மார்க்கத்தால் மதுவை முற்றாக விலக்கிய மக்கள் செறிந்து வாழும் ஊரின் ஓரத்திலேயே, மாலைப் பொழுதில் மதுக்கிண்ணம் ஏந்தும் வெளிநாட்டாரும் அமர்ந்திருக்கின்றனர். இவ்விரு உலகங்களுக்கும் இடையே நிற்பவன், பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம் பரிசாரகன். கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, கையிலே தட்டேந்தி வரும் அவ்விளைஞன், விருந்தினர் ஒருவரின் முகத்தைச் சற்று உற்றுநோக்கிவிட்டு, “மன்னிக்க வேண்டும், வயதை உறுதிப்படுத்தும் பத்திரம் ஏதேனும் காட்ட முடியுமா?” என்று பணிவாகக் கேட்கிறான். அவ்வளவில் முகங்கள் சுருங்குகின்றன.

கேட்கப்பட்டவர் இருபத்தெட்டு வயதினராயின், “என்னைப் பார்த்தா சந்தேகம்?” என்று சினக்கிறார். கேட்கப்பட்டவர் பத்தொன்பது வயதினரான ஜேர்மானிய மாணவராயின், “எங்கள் நாட்டில் பதினாறு வயதிலேயே பியர் வாங்கலாமே!” என்று வியக்கிறார். கேட்கப்பட்டவன் அயலூர் இளைஞனாயின், “அண்ணே, என்னைத் தெரியாதா உங்களுக்கு?” என்று உறவு கொண்டாடுகிறான். மூவருக்கும் தோன்றுவது ஒன்றே: நாம் அவமதிக்கப்பட்டோம் என்ற எண்ணம்.

இவ்வெண்ணம் சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மது நன்றா தீதா என்பது வேறு வினா. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்து, வயது வேறுபாடின்றி யாவர்க்கும் அதனை விலக்கிவிட்டார். அரசாங்கத்தின் சட்டமோ யாவரையும் விலக்கவில்லை. ஒரு வயதைக் குறித்து, அதற்குக் கீழ்ப்பட்டோரை மாத்திரம் விலக்குகின்றது. அவ்வாறு ஒரு கோட்டைக் கிழித்தமை ஏன்? கிழித்த கோட்டை மதுச்சாலைகளும் உணவகங்களும் இத்துணைக் கண்டிப்போடு காப்பது ஏன்?

சட்டம் கூறுவது

இலங்கையில் இக்கோட்டைக் கிழித்தது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமாகும். புகையிலை, மதுசாரம் ஆகியவை தொடர்பான தேசிய அதிகார சபையை நிறுவிய இச்சட்டம், இருபத்தொரு வயது நிரம்பாத எவருக்கும் மதுசாரத்தையோ புகையிலைப் பொருளையோ விற்றலாகாது என விதித்தது. இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். சட்டத்தின் சுட்டுவிரல் முதலில் நீள்வது வாங்க வந்த இளைஞனை நோக்கியன்று, விற்பவரை நோக்கியேயாகும். விற்றவர் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டு, குற்றம் உறுதியாயின் தண்டப்பணத்துக்கோ சிறைக்கோ இரண்டிற்குமோ ஆளாவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் உண்டு. அறியாப் பருவத்தினன் ஆசையால் தவறுகிறான்; வளர்ந்தவர் இலாபத்தின் பொருட்டுத் தவறுகிறார். இருவருள் பொறுப்பு மிக்கவர் எவரோ அவரிடமே பொறுப்பைச் சுமத்துவது அறத்துக்கு ஏற்றதன்றோ? ஆதலின், “வயதென்ன?” என்று கேட்கும் பரிசாரகன் வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்கப் பார்க்கவில்லை; தான் குற்றவாளியாகாதிருக்கவே பார்க்கிறான்.

மேலும், மது விற்பனைக்கான அனுமதிப்பத்திரம் நிரந்தரச் சொத்தன்று. மதுவரித் திணைக்களம் வழங்கும் அப்பத்திரம் டிசம்பர் 31ஆந் திகதியோடு காலாவதியாகும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படல் வேண்டும். ஒரு கிண்ணம் பியரால் வரும் இலாபம் சில நூறு ரூபா. அதனால் அனுமதிப்பத்திரத்துக்கு ஊறு நேருமாயின் இழப்பதோ ஓராண்டு வருமானம். முதலாளிக்கு மட்டுமன்று, சமையற்காரருக்கும், அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கும், படகோட்டிக்கும், மீன் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரிக்கும் அந்த இழப்பிலே பங்குண்டு. ஆலங்குடா போன்ற சிற்றூரில் ஒரு விடுதியின் கதவு மூடப்பட்டால் பத்து வீட்டு அடுப்புகளில் அதன் விளைவு தெரியும். கண்டிப்புக்கான முதற் காரணம் இதுவே. இது வியாபாரக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவே முழுக்காரணமன்று.

அட்டையில் உறங்கும் வயது

வயதை அறிவது எப்படி? வெளிநாட்டாருக்குக் கடவுச்சீட்டு உண்டு. நம் நாட்டாருக்கோ தேசிய அடையாள அட்டை உண்டு. 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டத்தின் கீழ் வந்த இவ்வட்டையின் இலக்கத்திலேயே ஒருவரது பிறந்த நாள் அடங்கியிருக்கின்றது என்பதை வாசகர்களுட் பலர் அறிந்திருப்பர். அறியாதோர் பொருட்டு இங்கே விளக்குவோம்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும், அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் அவர் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அந்நாளோடு ஐந்நூறு கூட்டப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் முன்போலவே நாள். 2005ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி பிறந்த ஓர் ஆண்மகனின் இலக்கம் 2005061 எனத் தொடங்கும். அன்றே பிறந்த பெண்ணின் இலக்கம் 2005561 எனத் தொடங்கும். மார்ச் முதலாந் திகதி அறுபத்தோராம் நாளாவது எவ்வாறு என்று கணக்கில் வல்லோர் கேட்கக்கூடும். எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் எனவே இக்கணக்கு வைத்துக்கொள்கின்றது. மதுச்சாலையில் நிற்பவன் இதனைக் கற்றுக்கொண்டால், அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு கணமே போதும்.

முகம் பொய் சொல்லும்

“அட்டை எதற்கு? முகத்தைப் பார்த்தால் தெரியாதா?” என்று கேட்போர் உண்டு. தெரியாது என்பதே உண்மை. கடலிலே வெயிலும் உப்புக்காற்றும் பட்டு உழைக்கும் பதினேழு வயதுச் சிறுவன் இருபத்தைந்து வயதினன் போலத் தோன்றுவான். நிழலிலே வளர்ந்த இருபத்தாறு வயது யுவதி பாடசாலை மாணவி போலத் தோன்றுவாள். தாடி வைத்தவன் மூத்தவனாகின்றான், மழித்தவன் இளையவனாகின்றான். வேற்று நாட்டாரின் முகத்தைப் பார்த்து வயது மதிப்பதோ இன்னும் கடினம்.

பிரித்தானியாவில் மது வாங்குவதற்கான வயது பதினெட்டு. அங்கே 1923ஆம் ஆண்டிலே, பாராளுமன்றத்தில் ஆசனம் வகித்த முதற் பெண்மணியான நான்சி அஸ்டர் சீமாட்டி கொண்டுவந்த சட்டமே பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மது விற்பதைத் தடுத்தது. ஆயினும் இன்று அந்நாட்டுக் கடைகளிலும் மதுச்சாலைகளிலும் வழங்கும் நடைமுறை வேறு. இருபத்தைந்துக்குக் குறைந்தவர் போல் தோன்றும் எவரிடத்தும் வயதுக்கான சான்றைக் கேட்பது என்பதே அது. சட்டம் பதினெட்டு என்றிருக்க, கேள்வி இருபத்தைந்திலிருந்து தொடங்குவது ஏன்? மனிதரின் மதிப்பீடு சில ஆண்டுகள் முன்பின்னாகப் பிழைக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்துகொண்டமையே காரணம். வேலி பயிரின் அடியிலேயே நிற்பதில்லை. சற்று எட்டியே நிற்கின்றது.

ஆகவே, இருபத்தெட்டு வயதில் தம்மிடம் அட்டை கேட்கப்பட்டது என்று சினப்பவர், அக்கேள்வி தம்மைக் குறித்ததன்று என்பதை உணர்தல் வேண்டும். ஒருவரைப் பார்த்துக் கேட்டு மற்றவரைக் கேளாது விடுவதே அவமதிப்புக்கு இடமளிக்கும். யாவரிடத்தும் கேட்குமிடத்து அவமதிப்புக்கு இடமேது? வங்கியிலே கையொப்பம் கேட்கிறார்கள். பரீட்சை மண்டபத்திலே அனுமதி அட்டை கேட்கிறார்கள். எவர் கோபிக்கிறார்?

பரிசாரகனின் கவசம்

இனி, நம் மனத்தை மிகவும் தொட்ட காரணத்துக்கு வருவோம். அது அந்த இளம் பரிசாரகனைப் பற்றியது.

நகரத்திலே வருபவர் யாரோ, போகிறவர் யாரோ. சிற்றூரில் அப்படியன்று. வாசலில் வந்து நிற்பவன் தன்னோடு ஒரே வகுப்பிற் படித்தவனின் தம்பியாக இருப்பான். தன் தகப்பனுக்குக் கடன் கொடுத்த சம்மாட்டியாரின் மகனாக இருப்பான். அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் மருமகனாக இருப்பான். அவனிடம் “இல்லை” என்று சொல்லும் வல்லமை, மாதச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் ஏழை வாலிபனுக்கு எங்கிருந்து வரும்? “தெரிந்தவன்தானே, ஒரு போத்தல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?” என்ற சொல்லுக்கு எதிரே அவன் தனியனாக நின்றால் தோற்றே போவான்.

அங்கேதான் விதி அவனுக்குத் துணை நிற்கின்றது. “தெரிந்தபடியால்தான் கேட்கிறேன், தம்பி. எல்லாரிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், அட்டை இல்லையென்றால் என் வேலை போய்விடும்” என்று அவன் சொல்லிவிடலாம். இப்போது மறுப்பவன் அவனல்லன், விதியே மறுக்கின்றது. நட்பும் கெடவில்லை, உறவும் முறியவில்லை. விதியில் நெகிழ்ச்சி எவ்வளவு கூடுகின்றதோ அவ்வளவுக்கு அதன் சுமை அடிமட்டத்திலுள்ள பணியாளனின் தோளில் ஏறுகின்றது. விதி கண்டிப்பாக இருக்குமளவுக்கு அவன் தோள் இலேசாகின்றது. கண்டிப்பு என்பதைக் கொடுமை என்று கருதுவோர் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பார்களாக.

ஒரு விடயத்தை முதலாளிமார் மறத்தலாகாது. விதியைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு, செல்வாக்குள்ள விருந்தினர் வந்தவுடன் “பரவாயில்லை, கொடு” என்று பின்புறமிருந்து கண்சாடை காட்டினால், அந்தக் கவசத்தை அவர்களே உடைத்தவராவர். பிடிபடும் நாளில் குற்றம் கண்சாடைக்கன்று, கொடுத்த கைக்கே வந்து சேரும்.

பதினெட்டா, இருபத்தொன்றா?

கல்லூரி மாணவர் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வாதம் ஒன்றுண்டு. “பதினெட்டு வயதில் வாக்களிக்கிறோம், நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்யும் அறிவு எமக்கு உண்டென்று ஒப்புக்கொள்கிறீர்கள். பின் இதில் மட்டும் இருபத்தொன்று ஏன்?” என்பர். வாதம் பலமற்றதன்று. நம் நாட்டில் வாக்குரிமைக்கான வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாக 1959இல் குறைக்கப்பட்டது. சட்டப்படி பராயமடையும் வயதும் 1989ஆம் ஆண்டின் திருத்தத்தால் பதினெட்டாகியது. அவ்வாறிருக்க மதுவுக்கு மட்டும் மூன்றாண்டு கூட்டியது முரணன்றோ?

இவ்வினாவை ஐக்கிய அமெரிக்கா தன் அனுபவத்தாலேயே ஆராய்ந்து பார்த்தது. அங்கே 1971ஆம் ஆண்டில் அரசியல் யாப்பின் இருபத்தாறாம் திருத்தத்தால் வாக்குரிமை வயது பதினெட்டாக்கப்பட்டது. வாக்குக்கு ஆயது மதுவுக்கும் ஆகட்டும் எனக் கருதிப் பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் குறைத்தன. விளைவு நெடுஞ்சாலைகளிலே தெரிந்தது. இளம் சாரதிகளின் விபத்துகள் பெருகின. தம் பிள்ளைகளை இழந்த தாய்மார் 1980ஆம் ஆண்டில் ஓர் இயக்கமாகத் திரண்டனர். 1984 ஜூலையில் ஜனாதிபதி றேகன் கையொப்பமிட்ட சட்டம், இருபத்தொன்றை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி வெட்டப்படும் என்றது. 1988ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் இருபத்தொன்றுக்குத் திரும்பின. இளைஞரின் சாலை மரணங்கள் குறைந்தன. இருக்கைப் பட்டி போன்ற வேறு காரணங்களும் இக்குறைவில் பங்குகொண்டன என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் வயது வரம்பின் பங்கை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

ஜப்பானின் நிலையும் நோக்கத்தக்கது. அங்கே 2022 ஏப்ரல் முதலாந் திகதி பராயமடையும் வயதை இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைத்தபோதும், மதுவுக்கும் புகையிலைக்குமான வயதை இருபதாகவே விட்டுவைத்தனர். இந்தியாவிலோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. கோவாவில் பதினெட்டு, தமிழ்நாட்டில் இருபத்தொன்று, கேரளத்தில் இருபத்துமூன்று. குஜராத்திலும் பீஹாரிலும் யாவர்க்குமே விலக்கு. ஆகவே இந்த இலக்கங்களுள் எதுவும் வேதவாக்கன்று. ஒவ்வொரு சமுதாயமும் தன் நிலைக்கேற்ப ஓரிடத்தில் கோடு கிழித்துக்கொள்கின்றது. வாக்களிக்கத் தேவைப்படும் அறிவு வேறு. போதை தரும் பொருளைத் தாங்கும் உடலின் முதிர்ச்சி வேறு என்பதே இவற்றின் அடிப்படை.

உடலும் கடலும்

மருத்துவம் இதற்குக் கூறும் விளக்கம் எளிது. மூளையின் பகுதிகள் யாவும் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. இன்பத்தை நாடும் பகுதி முன்னதாகவே விழித்துக்கொள்கின்றது. முன்னெற்றியின் பின்னே அமைந்து, விளைவை எண்ணிப் பார்த்து, “நில்” என்று கட்டளையிடும் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டேயிருக்கின்றது. குதிரை வளர்ந்துவிட்டது, கடிவாளம் இன்னும் பின்னி முடியவில்லை. மதுசாரம் முதலில் தளர்த்துவதும் அந்தக் கடிவாளத்தையே.

அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. பதினைந்து வயதுக்கு முன்னரே குடிக்கத் தொடங்கியோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் வாழ்நாளில் ஏதோவொரு காலத்தில் குடிக்கு அடிமையாகினர் என்றும், இருபது வயதுவரை பொறுத்தவர்களுள் அவ்வாறானோர் நூற்றுக்குப் பதின்மர் அளவினரே என்றும் அது கண்டது. சிறுவயதிலேயே குடிக்கத் தொடங்குவோர் பலர் முன்னரே துன்பமுற்ற குடும்பங்களிலிருந்து வருகின்றனர்; ஆதலால் முழுப்பழியையும் வயதின் மேற் போடலாகாது என்பது உண்மையே. எனினும், இரண்டு மூன்று ஆண்டுகள் தாமதித்தலால் இழப்பு எதுவுமில்லை, ஆதாயமோ பெரிது எனின், தாமதிக்கச் சொல்லும் சட்டத்தை எவ்வாறு குறைகூறுவது?

ஆலங்குடாவிலே இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நெடுஞ்சாலை மட்டுமன்று, கடலும் வாசலிலேயே கிடக்கின்றது. டொல்பின் காணப் புறப்படும் படகுகள் காலையிலேயே கரையை விட்டுக் கிளம்பிவிடும். நள்ளிரவு வரை குடித்தவனின் உடலிலே, விடியும்போதும் மதுசாரம் எஞ்சியிருத்தல் கூடும். ஈரல் தன் வேலையை அவசரப்படுத்தாது, மெதுவாகவே செய்யும். படகின் ஆட்டத்தில் நிலைகொள்ளாமை, நீரோட்டத்தைத் தவறாக மதித்தல், குளிரை உணராமை, நீந்தும் வல்லமையைப் பற்றிய பொய்த் துணிவு ஆகியவை யாவும் அந்நிலையில் ஒன்றுகூடும். இக்கரையில் பிறந்த மீனவனுக்குக் கடலின் குணம் தெரியும்; ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த பத்தொன்பது வயது மாணவனுக்குத் தெரியாது. அவனுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, “எங்கள் நாட்டில் இருபத்தொன்று” என்று புன்னகையோடு மறுக்கும் பரிசாரகன், எங்கோ ஒரு தாய் செய்ய முடியாத காவலை அவளுக்காகச் செய்கிறான்.

தவறணைக் காலம்

நாம் வந்த வழியையும் சற்றே திரும்பிப் பார்ப்போம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் பெரும் வருவாய் வழிகளுள் ஒன்றாக விளங்கியது. தவறணை ஏலத்தில் போகும். அதிக விலைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க முயல்வார். வாசலில் வருபவரின் வயதை நோக்கி அவர் ஏன் கவலைப்படப் போகிறார்? 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை அடுத்து நாடெங்கும் மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. பின்னர் தேசியத் தலைவர்களாகிய பலர் பொதுவாழ்வில் காலடி வைத்தது அவ்வியக்கத்திலேயே. தொடர்ந்து, ஓர் ஊரார் வாக்கெடுப்பின் மூலம் தம்மூர்த் தவறணையை மூடச்செய்யும் முறையும் வந்தது. யாழ்ப்பாணத்தார் அதனை ஊக்கத்தோடு பயன்படுத்தினர்.

வயதைக் கேட்பதற்கு முன்னரே நம் நாட்டார் வேறொன்றைக் கேட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று தவறணையிற் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அத்தகைய தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதியின் பணிப்பால் அந்நீக்கம் மீளப்பெறப்பட்டது. இதுபற்றி நாடு இரண்டுபட்டு வாதித்தது. அவ்வாதத்துள் நாம் புகவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டுவோம். பெண் என்பதால் மூடப்படும் கதவு வாழ்நாள் முழுதும் மூடியே கிடக்கும். வயதால் மூடப்படும் கதவோ குறித்த நாளில் தானே திறந்துகொள்ளும். வயது வரம்பு எவரையும் இழிவுபடுத்தாமைக்கு இதுவே சான்று. அது “நீ ஆகாதவன்” என்று கூறவில்லை, “இன்னும் சிறிது பொறு” என்றே கூறுகின்றது.

எதிர்வாதமும் வீட்டு வாயிலும்

“மதுச்சாலையில் மறுத்தால் இளைஞன் கசிப்பைத் தேடிப் போவான், சட்டமுள்ள மதுவை விட அது கொடிதல்லவா?” என்ற எதிர்வாதம் பலமானது. களப்பின் ஓரத்துக் கண்டற் புதர்களிலும் தென்னந்தோப்பின் மறைவிலும் வடிக்கப்படும் கசிப்புக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, வயது வரம்பும் இல்லை. இதனால் விளங்குவது யாது? மதுச்சாலையின் கண்டிப்பு வேண்டுவதொன்றே. ஆனால் அதுமட்டும் போதியதன்று என்பதே. முன்வாசலைக் காத்துப் பின்வாசலைத் திறந்துவிட்டால் காவலுக்குப் பொருளில்லை. பொலிஸாரும் மதுவரி உத்தியோகத்தரும் உல்லாச விடுதியின் வாசலில் காட்டும் ஊக்கத்தைப் புதரின் மறைவிலும் காட்டுதல் வேண்டும்.

பின்வாசல் ஒன்று நம் வீடுகளிலும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் இளமைக் காலத்தில், போத்தலைக் கையிற் கொடுத்துத் தவறணைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களை நாம் கண்டதுண்டு. இன்றும், “தம்பி, சந்திக் கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கி வா” என்று பன்னிரண்டு வயது மகனை ஏவும் தகப்பன்மார் இல்லையென்று சொல்ல முடியுமா? கடைக்காரரும், “இன்னாரின் பிள்ளைதானே” என்று எடுத்துக் கொடுக்கிறார். சட்டம் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் ஒன்றே. உல்லாச விடுதிக்கும் சந்திக் கடைக்கும் ஒன்றே. கலியாண வீட்டிலே கொட்டிலின் பின்புறம் வட்டமிட்டு அமர்ந்து, “கொஞ்சம் ருசி பார், ஆம்பிளைப் பிள்ளைதானே” என்று மருமகனின் கையில் கிண்ணத்தைத் திணிக்கும் மாமன்மாரை எந்த மதுவரி உத்தியோகத்தர் வந்து தடுப்பார்?

அரசாங்கத்தின் நிலையிலும் ஒரு முரண் உண்டு. ஒரு கையால் மதுவரியைத் திரட்டிக்கொண்டு மறுகையால் குடியாதே என்று தடுக்கின்றது. இம்முரண் குத்தகைக் காலத்திலிருந்தே தொடர்வது, எளிதில் தீர்வதன்று. அது தீரும்வரை பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு, வாசல்களில் நிற்போரின் கையிலேயே இருக்கின்றது. விடுதி வாசலில் பரிசாரகன் நிற்கிறான். கடை வாசலில் வியாபாரி நிற்கிறார். வீட்டு வாசலில் நாம் நிற்கிறோம்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ விடுதியொன்றிலோ கடையொன்றிலோ வயதுச் சான்று கேட்கப்பட்டதாக வந்து முறையிட்டால், “யாரவன் கேட்டவன்?” என்று சீறியெழாதீர்கள். கேட்டவன் தன் கடமையைச் செய்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை கடைக்குச் சிகரெட் வாங்கச் செல்லவேண்டியிருப்பின், நீங்களே எழுந்து செல்லுங்கள். இளைஞர்களே! அட்டை கேட்கப்படும்போது முகம் சுளிக்காது எடுத்து நீட்டுங்கள். இருபத்தொன்று நிரம்பாவிடின், இளநீர் அருந்திவிட்டு எழுந்து வாருங்கள். ஆலங்குடாவில் தென்னைக்குப் பஞ்சமில்லை. இருபத்தொன்று நிரம்பியிருந்தாலோ, உங்களிடம் கேட்கத் துணிந்தவன் உங்கள் தம்பியிடமும் தவறாது கேட்பான் என்று மகிழுங்கள்.